தனித்துப் பறந்த வீரர்

நம் பைராம் தோட்டத்திற்கு வடக்கே பட்டர்வொர்த் விமானத் தளம் இருப்பதை நாம் அறிவோம். அங்கிருந்து புறப்பட்டுக் கடமைக்காக உயிர் நீத்த ஓர் இளம் விமானியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஆர்தர் ஸ்கார்ஃப் 1913ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த விம்பிள்டனில் பிறந்தார். பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, 62ஆம் படைப்பிரிவின் குண்டுவீச்சு விமானியாக மலாயாவில் பணியாற்றினார்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படையினர் மலாயாவிலும் தாய்லாந்தின் சிங்கோராவிலும் கரையிறங்கினர். மறுநாள், சிங்கோரா விமானத் தளத்தைத் தாக்குமாறு பட்டர்வொர்த் விமானிகளுக்கு ஆணை பிறந்தது. ஸ்கார்ஃபின் விமானம் முதலில் மேலெழுந்தது. மற்றவை எழும்புமுன் பகைவர் குண்டுமாரி பொழிந்தனர். தரையில் நின்ற விமானங்கள் அழிந்தன, எஞ்சியவை பழுதுற்றன.

அந்நிலையில் ஸ்கார்ஃப் திரும்பியிருப்பினும் எவரும் பழித்திரார். ஆயினும், அவர் தோழர் இருவருடன் தனி விமானமாகவே சென்றார். சிங்கோராவில் குண்டுகளை வீசித் திரும்புகையில் பகை விமானங்கள் பல சூழ்ந்து சுட்டன. அவரது இடக்கை சிதைந்தது; முதுகிலும் பெருங்காயம் ஏற்பட்டது. தோழர்கள் தாங்கிப் பிடிக்க, விமானத்தை அலோர் ஸ்டார் வரை செலுத்தி நெல்வயலில் இறக்கினார். தோழர்கள் இருவரும் காயமின்றித் தப்பினர்.

அவ்வூர் மருத்துவமனையில் அவருடைய துணைவியார் தாதியாகப் பணிபுரிந்தார். கணவருக்குத் தம் குருதியையே வழங்கினார். எனினும், அன்றே அவ்வீரர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 28. அவருடைய உடல் தைப்பிங் போர்க் கல்லறையில் துயில்கிறது.

போர்க் குழப்பத்தில் படைப்பிரிவின் ஆவணங்கள் அழிந்தன. போர் முடிந்தபின், உயிர் பிழைத்தோர் உரைத்தமையால் அவர் அருஞ்செயல் வெளிப்பட்டது. 1946ஆம் ஆண்டு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு அறிவிக்கப்பட்டது; மன்னர் ஆறாம் ஜார்ஜ் அதனைத் துணைவியாரிடம் வழங்கினார்.

பெற்றோர்களே! அதே போர்க்காலத்தில் சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்ட நம் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை, விருதும் இல்லை. சொல்வார் இருந்தமையால் ஸ்கார்ஃபின் புகழ் நிலைத்தது. நம் முன்னோர் பட்ட துயரையும் காட்டிய உறுதியையும் நாம் கேட்டறிந்தவாறு பிள்ளைகளுக்குச் சொல்வோம். சொல்லாதன மறையும், சொல்லியன நிலைக்கும்.