ஸர் ஏ. ராமசாமி முதலியாரும் உலகப் பொருளாதார சபையும்

அண்ணனூர் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறுகிறவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள். ஒரு ஸ்டேஷன் தாண்டினால் அம்பத்தூர். அங்கே ஸர் ராமசாமி முதலியாரின் பெயரால் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அப்பள்ளியில் படித்துத் தேறித் தொழிற்சாலைகளில் அமர்ந்தவர்கள் இப்பக்கத்துக் கிராமங்களில் உண்டு. ஆயினும் அப்பெயருக்குரியவர் யார், என்ன செய்தார் என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர் அபூர்வம். வியாபாரம், தொழிலாளர் நிலை, வறுமை ஆகியவற்றை ஆராய ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் ஏற்படுத்திய பொருளாதார சமூக சபையின் முதல் அக்கிராசனர் அவரே. அவரைப் பற்றி எழுதுவது தேசீயவாதிகளாகிய நமக்கு அவ்வளவு சுலபமான காரியமன்று. ஏனெனில் அவர் தமது வாழ்நாளின் பெரும் பகுதியில் நமது எதிர் அணியில் நின்றவர்.

1887-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி கர்நூலில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒருவர் ராமசாமி, மற்றவர் லக்ஷ்மணசாமி. பின்னவர் வைத்தியத் துறையில் புகழ் பெற்று, 1942 முதல் 1969 வரை சென்னை ஸர்வகலாசாலையின் உபவேந்தராக விளங்கியதை நேயர்கள் அறிவர். முன்னவர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் சட்டக் கலாசாலையிலும் பயின்று வக்கீலானார். 1917-ல் ஜஸ்டிஸ் கட்சியில் சேர்ந்தார். 1919-ல் டாக்டர் டி. எம். நாயர், கூர்மா வெங்கடரெட்டி நாயுடு ஆகியோருடன் சீமைக்குச் சென்று, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காகச் சாட்சியம் கூறினார். பிறகு சட்டசபை, அக்கட்சியின் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் பீடம், 1928 முதல் 1930 வரை சென்னை நகரசபைத் தலைமை என்று அவருடைய ஏற்றம் தொடர்ந்தது. நாட்டில் உப்பு ஸத்தியாக்கிரகம் நடந்த நாட்களில் அவர் எங்கே நின்றார் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

1934-ல் இந்திய சட்டசபைத் தேர்தலில், சென்னை நகரத் தொகுதிக்கு முதலியாரும் காங்கிரஸ் அபேக்ஷகரான ஸ்ரீ ஸத்தியமூர்த்தியும் போட்டியிட்டனர். ஸத்தியமூர்த்தி வென்றார். வென்றவருக்கும் தோற்றவருக்கும் அதன் பின் வாய்த்ததை ஒப்பிட்டுப் பார்த்தால், அக்காலத்து இந்தியாவின் நிலை முழுவதும் விளங்கும். தோற்றவர் இந்தியா மந்திரியின் ஆலோசனை சபையில் அங்கத்தினரானார். 1939-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் வர்த்தக மெம்பரானார். 1942-ல் லண்டன் யுத்த மந்திரி சபையில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். வென்றவரோ 1942 போராட்டத்தில் சிறைப்பட்டு, உடல் நலிந்து, 1943 மார்ச் 28-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அதற்கு முந்திய மாதத்தில், காந்தியடிகள் ஆகாகான் மாளிகையில் உபவாசமிருந்தபோது, நிர்வாக சபையிலிருந்து ஆணே, ஸர்க்கார், மோடி ஆகிய மூவர் ராஜிநாமாச் செய்தனர். முதலியார் ராஜிநாமாச் செய்யவில்லை. 1943 முதல் அவர் சப்ளை இலாகாவை வகித்தார். வங்காளத்தில் பல லக்ஷம் ஜனங்கள் பட்டினியால் மாண்டதும் அவ்வருஷமே. அந்த ஸர்க்காரின் அங்கத்தினர் எவரும் அதன் பொறுப்பிலிருந்து அடியோடு விலகிக் கொள்ள இயலாது என்பதே நமது அபிப்பிராயம்.

இத்தகையவர் 1945 ஏப்ரலில் ஸான்பிரான்ஸிஸ்கோ மகாநாட்டுக்கு இந்தியத் தூதுகோஷ்டியின் தலைவராகப் போனார். ஸர் பிரோஸ்கான் நூனும் ஸர் வி. டி. கிருஷ்ணமாச்சாரியாரும் உடன் சென்றனர். அன்னிய ஸர்க்கார் நியமித்த இப்பிரதிநிதித்துவம், பிரதிநிதித்துவமே இல்லாமையைக் காட்டிலும் மோசமானதென்று காந்தியடிகள் அறிக்கை விடுத்தார். அமெரிக்காவிலிருந்த ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் இவர்கள் இந்தியாவின் குரலல்ல என்று ஊர் ஊராக எடுத்துரைத்தார். அது நியாயமான கண்டனமே. இன்றும் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற நாம் விரும்பவில்லை.

ஆனால், எதிர்க்கட்சி வக்கீல் திறம்பட வாதித்தால் அதை ஒப்புக்கொள்வது கோர்ட்டு மரபு. மகாநாட்டில் பொருளாதார, சமூக ஒத்துழைப்பைப் பற்றிய கமிட்டிக்கு முதலியார் அக்கிராசனம் வகித்தார். அங்கே எழுந்த பெரிய விவாதம் வேலையைப் பற்றியது. உழைக்க விரும்பும் எல்லோருக்கும் வேலை கிடைக்கச் செய்வது உலக நாடுகளின் கடமையென்று சாஸனத்தில் எழுத வேண்டுமென ஆஸ்திரேலியா வற்புறுத்திற்று. அமெரிக்கா தயங்கிற்று, அந்த வார்த்தையை மழுப்ப முயன்றது. முடிவில், வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதும் எல்லோருக்கும் வேலையளிப்பதும் சாஸனத்தின் 55-வது ஷரத்தில் இடம்பெற்றன. ஜூன் 26-ந் தேதி முதலியாரும் கிருஷ்ணமாச்சாரியாரும் இந்தியாவின் சார்பாகக் கையொப்பமிட்டனர். சுதந்திரமற்ற ஒரு தேசம் உலக சாஸனத்தில் கையெழுத்திட்ட விசித்திரம் அது.

1946 ஜனவரி 23-ந் தேதி லண்டனில் பதினெட்டு நாடுகளைக் கொண்ட பொருளாதார சமூக சபை முதன்முறையாகக் கூடிற்று. முதலியாரே அக்கிராசனராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். யுத்தத்தால் ஐரோப்பா இடிந்து கிடந்த சமயம். கோடிக்கணக்கானோர் வீடும் நாடும் இழந்து திரிந்த சமயம். சில வாரங்களுக்குள் சபை செய்த வேலை சாமானியமன்று. மனித உரிமைக் கமிஷனுக்கு வித்திட்டது. உலக சுகாதார மகாநாட்டைக் கூட்டத் தீர்மானித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் பிறந்தது அதிலிருந்துதான். வியாபாரமும் வேலையும் பற்றி ஒரு சர்வதேச மகாநாடு கூட்டுவதென்றும் பிப்ரவரியில் முடிவு செய்தது.

இக்கடைசித் தீர்மானத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வியாபாரத்தையும் வேலையையும் பிரிக்காமல் ஒரே மகாநாட்டில் வைத்தது தற்செயலன்று. சுங்கவரியை மட்டும் குறைத்துவிட்டு, அதனால் வேலையிழப்பவனின் கதியைக் கவனியாமல் விட்டால், 1930-க்குப் பிந்திய பஞ்ச காலம் திரும்பவும் வருமென்று அன்றைய அறிஞர்கள் அஞ்சினர். ஏழை நாடுகள் தங்கள் இளந்தொழில்களைப் பாதுகாத்துக்கொள்ள உரிமை வேண்டுமென இந்தியப் பிரதிநிதிகள் தொடர்ந்து வாதாடினர். 1948 மார்ச்சில் ஹவானாவில் ஒரு சாஸனம் தயாராயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் அதை ஏற்காததால் அது பிறக்குமுன்னே மடிந்தது. 1947-ல் ஜினீவாவில் இந்தியா உட்பட 23 நாடுகள் செய்துகொண்ட சுங்கவரி ஒப்பந்தம் ஒன்றே மிஞ்சிற்று. அதன் வாரிசாக 1995-ல் உலக வர்த்தக ஸ்தாபனம் வந்தது. வியாபாரம் நிலைத்தது, அதனோடு பிணைத்து வைத்த வேலை உதிர்ந்து போயிற்று. முதலியாரின் சபை வைத்திருந்த முடிச்சைப் பெரிய நாடுகள் அவிழ்த்துவிட்டன என்று சொல்வது மிகையாகாது.

1946-ல் முதலியார் மைசூர் திவானாகச் சென்று 1949 வரை அப்பதவியில் இருந்தார். அதற்கிடையே 1948 செப்டம்பரில் ஹைதராபாத் விவகாரம் பாதுகாப்பு சபைக்குச் சென்றபோது, இந்தியாவுக்காக வாதாட நேருஜியின் ஸர்க்கார் அனுப்பியது அவரையே. சிறையிலிருந்து வந்தவர்கள், தங்களைச் சிறையிட்ட ஸர்க்காரின் மெம்பரை நம்பித் தேசத்தின் வழக்கை ஒப்படைத்தார்கள். அதில் பெருந்தன்மையும் உண்டு; ஆள் பஞ்சமும் உண்டு.

1955 ஜனவரியில் நிகழ்ந்ததை அண்ணனூர்வாசிகள் கவனிக்க வேண்டும். அடுத்த ஊராகிய ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்ம மாதிரியான சமுதாயமே லக்ஷ்யமென்று தீர்மானித்தது. மகாசபை கூடிய இடத்துக்கு ஸத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தார்கள். அதே மாதத்தில், தனியார் தொழில்களுக்குக் கடன் கொடுக்க பம்பாயில் ஐ. சி. ஐ. சி. ஐ. என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் ராமசாமி முதலியார். 1934-ல் சென்னை வீதிகளில் எதிர்த்து நின்ற இரு பெயர்களும் இருபது வருஷங்களுக்குப் பின் இப்படி மறுபடியும் எதிரெதிரே நின்றன.

அவருடைய வேலைகளில் நாம் மிகவும் மதிப்பது இவை எவையுமல்ல. 1951-ல் ஐக்கிய நாடுகளும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து, கட்டாய உழைப்பை விசாரிக்க மூவர் கமிட்டியை நியமித்தன. முதலியார் அதன் தலைவர். இரண்டு வருஷம் சாட்சியங்களை ஆராய்ந்து 1953-ல் அறிக்கை கொடுத்தனர். அரசியல் விரோதிகளை அடக்க வாங்கும் கட்டாய உழைப்பு ஒன்று, நாட்டின் பொருளாதார லாபத்துக்காக வாங்குவது மற்றொன்று என்று இரு வகையாக அதைப் பிரித்துக் காட்டினர். தங்கள் நாட்டைத் தொட்ட பகுதிகளைக் கண்டு சினந்த ஸர்க்கார்கள் உண்டு. அவ்வறிக்கையின் வழியாகவே 1957-ல் கட்டாய உழைப்பை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா அதை ஊர்ஜிதம் செய்தது 2000-ம் வருஷத்திலேதான்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்திய பார்லிமெண்டில் 1976-ல் நிறைவேறிற்று. அவ்வருஷம் ஜூலை 17-ந் தேதி, தமது 88-வது வயதில், முதலியார் காலமானார். அச்சட்டம் வந்து பல வருஷங்கள் கழிந்த பின்னரும், அண்ணனூர் அடங்கிய இந்தத் திருவள்ளூர் ஜில்லாவின் செங்கற்சூளைகளிலிருந்து, முன்பணத்துக்குப் பிணையாகக் கிடந்த குடும்பங்களை அதிகாரிகள் மீட்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரிஸ்ஸாவிலிருந்து வந்தவர்கள் அநேகர், குழந்தைகளும் உண்டு.