மருந்தில்லாத காலத்து மருத்துவர் – டாக்டர் சௌரிமுத்து



சென்னையில் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் வண்டியில் குரோம்பேட்டைக்கு அடுத்து ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். போன கோடை விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போனபோது அந்தப் பலகையைப் பார்த்தேன். யாரோ வெள்ளைக்காரர் பெயர் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது. நுரையீரல் நோயாளிகள் மாதக் கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர். அதைத் தொடங்கியவர் நம் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர். அவர் பெயர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து.

அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தாத்தா. நம் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறுகிற மலை ரோடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மலையில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் வந்தவர் அவர். அவருக்குக் காசநோய் வந்தது. ரொம்ப மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரை சாப்பிட்டுக் கிருமி போய்விட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். நாங்களும் பாவம் படுத்திருக்கட்டும் என்று சோறு, தண்ணி எல்லாம் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அது தப்பு என்று எனக்குப் புரிய வைத்தவர் இந்த டாக்டர்தான்.

சௌரிமுத்து 1864-ஆம் ஆண்டு பிறந்தார். இங்கிலாந்தில் டாக்டராக வேலை பார்த்தார். அப்போது காசநோய் என்றால் உலகம் முழுக்கப் பயம். ராபர்ட் கோச் 1882-ஆம் ஆண்டு அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்ல மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943-இல்தான்! அதுவரை டாக்டர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவற்றைத்தான்.

இங்கிலாந்தில் வெல்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் மெண்டிப் மலை இருக்கிறது. அங்கே சௌரிமுத்து ஒரு சானடோரியம் நடத்தினார். வெள்ளைக்காரர்கள் நம்மை ஆண்ட காலத்தில், அவர்கள் ஊரிலேயே அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார் ஒரு தமிழர் என்பது நமக்கெல்லாம் பெருமை அல்லவா! சானடோரியங்களில் பத்து வருஷம் பார்த்ததையெல்லாம் வைத்து 1910-இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

அவருடைய சானடோரியத்தில் நோயாளிகள் காற்றோட்டமான சின்னச் சின்னக் குடில்களில் தங்கினார்கள். ஆனால் சும்மா படுத்துக் கிடக்கவில்லை. மூச்சை ஆழமாக இழுத்து விடப் பழகினார்கள். மரம் அறுக்க ஒரு பட்டறை இருந்தது. பாடுவதற்குக்கூட ஒரு இடம் இருந்தது. பாட்டா என்று சிரிக்காதீர்கள்! ஒரு வரியைப் பாடி முடிக்க மூச்சை இழுத்து, அடக்கி, மெல்ல விட வேண்டும். அது நுரையீரலுக்கு நல்ல பயிற்சி.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஃபிரிம்லி என்ற ஊரில் மார்கஸ் பேட்டர்சன் என்ற டாக்டரும் இப்படி ஒரு முறையைக் கொண்டுவந்தார். முதலில் நடை. அது பழகியதும் கூடையில் மண் சுமப்பது. அப்புறம் சின்ன மண்வெட்டி, பிறகு பெரிய மண்வெட்டி. காய்ச்சல் வந்தால் உடனே வேலை நிறுத்தி ஓய்வு. படிப்படியாக ஏற்றுவதுதான் அதன் ரகசியம்.

சௌரிமுத்துவிடம் வைத்தியம் பார்த்த ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம் கணித மேதை ராமானுஜன்! 1914-இல் ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன அதே கப்பலில்தான் சௌரிமுத்துவும் போனார். 1917-இல் ராமானுஜன் நோயில் விழுந்தபோது மெண்டிப் மலைக்கு வந்தார். கொஞ்ச நாள்தான் இருந்தார். அங்கத்திய சானடோரியங்களின் குளிரும் சாப்பாடும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1920-இல், 32 வயதில், சென்னையில் இறந்துபோனார். அவருக்கு வந்தது காசநோயே இல்லை, ஈரலில் அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல டாக்டர்களாலும் எல்லோரையும் காப்பாற்ற முடியாத காலம் அது.

பிறகு சௌரிமுத்து நம் நாட்டுக்குத் திரும்பினார். 1928-இல் தாம்பரத்தில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். 1937-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று அது பெரிய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அவர் மறைந்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறது. ரயில்வே ஸ்டேஷனில் அவர் பெயர் இல்லை, அவர் கட்டிய இடத்தின் பெயர் நிற்கிறது.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். காற்றும் சாப்பாடும் மட்டும் காசநோயைக் குணமாக்காது. மருந்து இருந்தால் சானடோரியம் இல்லாமலும் குணமாகும் என்று காட்டியது நம் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு சானடோரியத்தில் வைத்து மருந்து. மீதிப் பேர் தங்கள் நெருக்கடியான ஏழை வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தது! அதன் பிறகு உலகத்தில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அப்படியானால் சௌரிமுத்து செய்தது வீணா? நானும் அப்படித்தான் முதலில் யோசித்தேன். பிறகு என் தாத்தாவைப் பார்த்தேன். மாத்திரை கிருமியைக் கொன்றுவிட்டது. ஆனால் கிருமி தின்ற இடத்தில் நுரையீரலில் தழும்பு இருக்கிறது. படுத்தே கிடந்ததில் காலில் சதையும் போய்விட்டது. அதற்கு மாத்திரை கிடையாது. உடம்பைத்தான் திரும்பப் பழக்க வேண்டும். 2020-இல் கொரோனா வந்து பிழைத்தவர்களுக்கும் இதே கதைதான். பல ஆஸ்பத்திரிகளில் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பிசியோதெரபி அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தாத்தாவை உட்கார வைப்பார். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, ஊதாங்குழல் ஊதுகிற மாதிரி நீளமாக விடச் சொல்வார். நடக்கும்போது பேச முடிகிற அளவுக்குத்தான் வேகம் இருக்க வேண்டும், முடியாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்றார். முடியாத மனுஷனை இப்படிப் படுத்துறாங்களே என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நாங்கள் மறுபடி ஆரம்பித்தோம். எங்கள் தெருவில் கரண்ட் கம்பம்தான் கணக்கு. முதல் நாள் ஒரு கம்பம் வரை போய், திண்ணையில் உட்கார்ந்து தாத்தா அழுதுவிட்டார். இனிமே நான் எதுக்கும் ஆகமாட்டேன் என்றார். எனக்கும் அழுகை வந்தது. மறுநாளும் கூப்பிட்டேன், வந்தார். ஒரு வாரம் கழித்து இரண்டு கம்பம். இப்போது ஏழு கம்பம் போய்த் திரும்புகிறார். டீக்கடை ஒன்பதாவது கம்பத்தில் இருக்கிறது! மலை ஏறி வேலைக்குப் போக இனி முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் தன் தண்ணியைத் தானே மொண்டு குடிக்கிறார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது காசநோய் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். நோய்க்கு ஏற்ற மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் டாக்டர் சொல்லும் வரை ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது. குணமான பிறகு, டாக்டர் சரி என்று சொன்னால், அவர்களைக் கைபிடித்து ஒரு கம்பம் தூரம் நடக்க வையுங்கள்.

மருந்து இல்லாத காலத்தில் நோயாளிகளைப் பாட வைத்த சௌரிமுத்துவை நினைத்துக்கொண்டு நானும் தாத்தாவைப் பாடச் சொல்கிறேன். அவருக்குப் பாட்டு வராது. ஆனாலும் பாடுகிறார்!



– 9-ஆம் வகுப்பு, ‘அ’ பிரிவு