இன்னொரு போஸ்

போஸ் என்று சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நேதாஜிதான் நினைவுக்கு வருவார். 1943-ல் அவர் மலாயாவுக்கு வந்தபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர்களின் கதை இன்றும் லயங்களில் சொல்லப்படுகிறது. நாம் இந்த வாரம் சொல்லப்போவது வேறொரு போஸைப் பற்றி. இவர் படை திரட்டியவர் அல்லர்; காலேஜ் வாத்தியார். பெயர் ஜகதீஸ் சந்திர போஸ். கேமரன் மலையில் கம்பத்தின் உச்சியிலும் கூரை மேலும் பொருத்தியிருக்கிற கம்பியில்லா இணையப் பெட்டிக்கும் இந்த மனிதருக்கும் உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் இவரைத் தேர்ந்தெடுத்தோம்.

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் மைமன்சிங் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. நம்மோடு கொழுந்து எடுக்கும் வங்காளதேசத் தோழர்களைக் கேட்டால் ஊரைச் சொல்வார்கள். தகப்பனார் அரசாங்க அதிகாரி. மகனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பாமல் முதலில் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே மீனவர் மகனோடும் வேலையாள் மகனோடும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார் சிறுவன் போஸ். தாய்மொழிப் பள்ளியில் படித்தால் பிள்ளை உருப்படாது என்று நம்மிடையே பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

தகப்பனார் நல்ல மனுஷர், ஆனால் கைராசி இல்லாதவர். ஊருக்கு நன்மை என்று தொடங்கிய காரியங்களில் பணத்தைப் போட்டுக் கடனாளியானார். அவற்றில் ஒன்று அசாமில் தேயிலை பயிரிடும் முயற்சி. இப்படித் தேயிலையும் சேர்ந்து ஏற்றி வைத்த கடன் சுமையோடுதான் மகன் சீமைக்குப் படிக்கப் போனார். லண்டனில் டாக்டர் படிப்பு. காய்ச்சல் விடாமல் வாட்டியதால் அது நின்றது. பிறகு கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜில் வேலை கிடைத்தது. இங்கேதான் நாம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரே வேலையைச் செய்தாலும் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸின் வேலை தற்காலிகம் என்று காரணம் காட்டி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, மூன்றில் ஒரு பங்கு! போஸ் சண்டை போடவில்லை, வேலையை விட்டும் ஓடவில்லை. தினமும் வகுப்புக்குப் போனார், பாடம் நடத்தினார், மாதச் சம்பளத்தை மட்டும் தொடமாட்டேன் என்று விட்டார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று வருஷம். வீட்டிலோ தகப்பனாரின் கடன். 1887-ல் மணந்த மனைவி அபலா, சென்னையில் மருத்துவம் படித்தவர். அந்த அம்மாளும் சளைக்கவில்லை. வேலையைச் செய்துகொண்டே கூலியை மறுக்கும் இப்படியொரு போராட்டம் நம் சங்கத்துப் பெரியவர்களுக்கும் புதிதாக இருக்கும். எல்லோராலும் முடியாது, வயிறு விடாது. கடைசியில் மேலிடம் இறங்கி வந்து, வேலையை நிரந்தரமாக்கி, மூன்று வருஷத்துக்கும் முழுச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் தகப்பனார் கடனுக்குப் போயிற்று.

ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறை. உள்ளூர்த் தகரக் கொல்லரை வைத்துக் கருவிகள் செய்தார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பவர் கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை ஏற்கெனவே உண்டாக்கிக் காட்டியிருந்தார். அவை நீண்ட அலைகள். போஸ் அவற்றை 5 மில்லிமீட்டர் வரைக்கும் குறுக்கினார். ஒரு துளிர் இலையின் அகலம்கூட வராது.

அலையை அனுப்புவதைவிட அதைக் கேட்பதுதான் அன்றைக்குப் பெரிய பாடு. கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளைப் போட்டு வைப்பார்கள். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் ஓடும். அப்புறம் அந்தக் காது அடைத்துப்போகும். குழாயைத் தட்டிவிட்டால்தான் மறுபடியும் கேட்கும். போஸ் தூளை எறிந்துவிட்டு மெல்லிய எஃகுச் சுருள்களை வைத்தார். பிறகு கலீனா என்ற ஈயக் கல்லைப் பிடித்தார். அதைத் தட்டவே வேண்டாம், தானாகவே அடுத்த அலைக்குத் தயாராகும். நம் கணக்கில் இவருடைய பெரிய காரியம் இதுதான்.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஊரைக் கூட்டிக் காட்டினார். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரே வந்திருந்தார். ஓர் அறையில் புறப்பட்ட அலை சுவர்களையும் கவர்னரின் பருத்த உடம்பையும் ஊடுருவி, சுமார் 75 அடி தாண்டிப்போய், மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. நடுவில் ஒரு கம்பிகூட இல்லை.

இதைக் காசாக்கியிருக்கலாம். அவருக்கு அதில் மனமில்லை. நண்பர்கள் வற்புறுத்தி அமெரிக்காவில் கேட்டுப் பெற்றுத் தந்த 1904-ம் வருஷக் காப்புரிமையையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பிறகு செடிகொடிகள் பக்கம் திரும்பிவிட்டார். தோட்டத்தில் நாம் மிதித்துக்கொண்டு போகிற தொட்டாற்சுருங்கியை வைத்து, செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டினார். அதை எவ்வளவு தூரம் ஒத்துக்கொள்வது என்பதில் அன்றே தகராறு இருந்தது. 1917-ல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. 1937 நவம்பர் 23-ல் கிரிடி என்ற ஊரில் காலமானார்.

அவர் போன பிறகு இத்தகைய குறுகிய அலைகளுக்குப் பெரிய வேலை வந்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் பெருகியது. ரேடார் வேறொன்றுமில்லை, எதிர்மலையைப் பார்த்துக் கூவினால் எதிரொலி வருகிறதல்லவா, அதே கதை. அலையை எறிந்து, மோதித் திரும்பி வருவதைக் கேட்பது. விமானத்தையும் பார்க்கலாம், மழை மேகத்தையும் பார்க்கலாம். மழை ரேடார் பல, 5 சென்டிமீட்டர் நீளத்தை ஒட்டிய அலையில் வேலை செய்கின்றன. கம்பி இழுக்க முடியாத மலைச்சரிவில் இணையம் கொண்டுவரும் வெளிப்புறப் பெட்டிகளுக்கும் அதே பக்கத்து அலைதான் தோதானது. ஒரே பாதையில் இரண்டு வண்டி! 2003-ல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள் பெட்டிகளுக்கு ஒரு நிபந்தனை போட்டுத்தான் இடம் கொடுத்தன. ரேடாருக்கு வழிவிட வேண்டும் என்பதே அது.

எப்படி வழிவிடுவது? பெட்டி வாய் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா இருந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். பேச ஆரம்பித்த பிறகும் காது திறந்தே இருக்க வேண்டும். ரேடாரின் துடிப்பு கேட்டால் பத்து விநாடிக்குள் அந்த அலைவரிசையைக் காலி செய்து வேறொன்றுக்குத் தானாக மாற வேண்டும். காலி செய்த இடத்துக்கு அரை மணி நேரம் திரும்பக் கூடாது. சில நாடுகளில் மழை ரேடார் இருக்கும் அலைவரிசையில் பத்து நிமிஷம் கேட்ட பிறகே வாய் திறக்கலாம். இந்த விதியை மதிக்காத பெட்டிகளால் 2009-ல் போர்ட்டோரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடாரில் இடைஞ்சல் தெரிந்தது. இது யாரோ ஒருவர் தலைவலி என்று நாம் இருந்துவிட முடியாது. 2013 அக்டோபரில் பெருமழையும் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் குடித்ததைப் பார்த்தவர்கள் நாம். மழையைக் கேட்கும் காதை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை.

போஸின் 5 மில்லிமீட்டர் அலை என்ன ஆனது? அதுவும் இன்று வெளிப்புறப் பெட்டிகளில் வந்துவிட்டது. அந்த அலையில் மேற்சொன்ன ரேடார் தொல்லை இல்லை. ஆனால் காற்றிலுள்ள பிராணவாயுவே அதை விழுங்கும், அடைமழை இன்னும் விழுங்கும். ஆகவே எட்டும் தூரம் குறைவு. நம் மலை மழைக்கு அது எவ்வளவு தாங்கும் என்பதைப் பொருத்துகிறவர்கள் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஒன்றைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பாடம் நடக்கும்போது திடீரென்று இணையம் நின்றால் உடனே ஓடிப்போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போடுகிறார்கள். நின்றதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பெட்டி ரேடாருக்கு வழிவிட்டு இடம் மாறுவதாகவும் இருக்கலாம். அப்படியானால் ஓரிரு நிமிஷத்தில் தானே வந்துவிடும். அணைத்துப் போட்டால் அது மறுபடியும் முதலிலிருந்து ஒரு நிமிஷம் கேட்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.