மிதக்கும் விதி கண்ட ஆர்க்கிமிடீஸ்

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் வளர்ந்தவன் நான். சிறுவயதில் கிணற்றில் நான் தவறவிட்ட இரும்புப் பூட்டு மூழ்கியது. அதைவிடக் கனத்த, மட்டை உரிக்காத தேங்காயோ மிதந்தது.

இப்புதிருக்கு விடை தந்தவர், கி.மு. 287 அளவில் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் தோன்றிய ஆர்க்கிமிடீஸ். பொருள் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தாங்கும் என்று நிறுவினார். இரும்பின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு, எனவே பூட்டு மூழ்கும். தேங்காய் மட்டையின் நார்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால், முழுக்காயின் அடர்த்தி நீரினும் குறைவு. எனவே அது மிதக்கும்.

தம் நகரைக் காக்கப் போர்ப்பொறிகள் அமைத்த அப்பேரறிஞரை, கி.மு. 212இல் நகரைக் கைப்பற்றிய ரோமானியரின் வீரன் ஒருவன் கொன்றான். கி.மு. 75இல் சிசரோ தேடிக் கண்டபோது, அவர் கல்லறையை முட்புதர் மூடிக் கிடந்தது. சொந்த ஊர் மறந்த அவரை, எங்களூர்க் கிணறு எனக்கு இன்றும் நினைவூட்டுகிறது.