காலில் பிறந்து நெஞ்சில் அடைத்த கட்டி
(டாக்டர் ருடால்ப் விர்ச்சோ வாழ்க்கை வரலாறு)

செல் கொள்கை பாடத்தில் ஷ்லைடன், ஷ்வான் பெயர்களுக்குப் பின்னாடி மூணாவதாக ஒரு பெயர் வரும், ஞாபகம் இருக்கா? ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு அத்தோடு விட்டுவிடுவோம். அந்த ருடால்ப் விர்ச்சோ, செல்லைப் பற்றி எழுதுவதற்குப் பத்து வருடம் முன்பே இன்னொரு பெரிய புதிரை அவிழ்த்தவர். அதைப் பாடப் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

விர்ச்சோ 1821 அக்டோபர் 13-ல் ஷீவல்பைன் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்றைக்கு அது பிரஷ்யா, இன்றைக்குப் போலந்து. அப்பா விவசாயம் பார்த்துக்கொண்டே ஊரின் வரவு செலவுக் கணக்கையும் கவனித்தவர். பெரிய வசதி கிடையாது. பெர்லினில் இராணுவ மருத்துவர்களை உருவாக்கும் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்ததால்தான் டாக்டருக்குப் படிக்க முடிந்தது. 1843-ல் பட்டம் வாங்கி, ஷாரிட்டே மருத்துவமனையின் பிணப் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கேதான் அந்தப் புதிர். பிரசவமான தாய், எலும்பு முறிந்து பல நாள் படுத்திருந்தவர் என்று தேறிவருகிற நோயாளிகளில் சிலர் திடீரென்று மூச்சுத் திணறி இறந்துபோவார்கள். அறுத்துப் பார்த்தால் நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி! அது அங்கேயே உண்டானது என்றுதான் அன்றைய மருத்துவர்கள் நினைத்தார்கள். பாரிஸில் குருவேய்யே என்ற பெரிய பேராசிரியர், சிரைகளில் வரும் அழற்சிதான் நோய்களுக்கெல்லாம் அடிப்படை என்று சொல்லிவந்தார். அது சரியா என்று பார்க்கும் வேலை விர்ச்சோவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான்.

அவர் நுரையீரலோடு நிற்கவில்லை. இறந்தவர்களின் கால் சிரைகளையும் திறந்து பார்த்தார். பலரிடம் அங்கேயும் கட்டி இருந்தது. உடனே அவருக்குப் பொறி தட்டியது. காலில் உறைந்த கட்டியின் துண்டு பிய்ந்து, இரத்தத்தோடு மேலே போகிறது. போகப் போக சிரை அகலமாகிக்கொண்டே வரும், எங்கேயும் தடை இல்லை. இதயத்தின் வலது பக்கத்தையும் தாண்டிவிடும். நுரையீரலில்தான் குழாய் மறுபடி குறுகுகிறது. அங்கே போய் சிக்கிக்கொள்கிறது!

சொன்னால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? நாய்களின் கழுத்துச் சிரையில் ரப்பர் துண்டுகளையும் இரத்தக் கட்டிகளையும் நுழைத்துப் பார்த்தார். பிறகு அவை நுரையீரல் தமனியில் கிடைத்தன. (நாய்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கு.) ரப்பர் நுரையீரலில் தானாக முளைக்காதே! உறைந்து அடைப்பதற்கு திராம்போசிஸ், பிய்ந்து பயணம் செய்து அடைப்பதற்கு எம்பாலிசம் என்று பெயர் வைத்தார். உலகம் பூராவும் டாக்டர்கள் இன்றைக்கும் இந்தச் சொற்களைத்தான் சொல்கிறார்கள்.

பெரிய கட்டி அடைத்தால் இதயத்தின் வலது கீழறை இரத்தத்தைத் தள்ள முடியாமல் வீங்கித் தளர்ந்துவிடும். இடது பக்கத்திலும் இப்படி நடக்கும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு இதயத்துக்குள்ளேயே இரத்தம் தேங்கி உறையும். அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். எங்கே அடைத்தாலும், அதற்கு அப்பால் இருக்கிற செல்களுக்கு ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல்லின் ஏ.டி.பி. தீர்ந்துபோகும். இதயத் தசைச் செல்லுக்கு சேமிப்பு ரொம்பக் குறைவு, அரை மணி நேரம் போல ஆனாலே சாக ஆரம்பித்துவிடும்.

இரத்தம் ஏன் குழாய்க்குள்ளேயே உறைகிறது? ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவர் அடிபடுவது, இரத்தத்தின் தன்மையே மாறுவது என்று மூன்று காரணம் சொல்வார்கள். விர்ச்சோ முக்கோணம் என்று பெயர். ஆனால் அவரே இப்படி மூன்றாக எழுதி வைக்கவில்லை, பிற்காலத்தில் வந்த பெயர் அது. மூன்றாவது காரணம் பிறவியிலேயே இருக்கலாம். 1994-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில், ஐந்தாம் உறைதல் காரணியின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே கட்டி சுலபமாக உண்டாகும் என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் ஆனவரை மறுநாளே நர்ஸ் எழுப்பி நடக்கச் சொல்கிறாரே, அது முதல் காரணத்துக்காக.

1848-ல் மேல் சைலீசியாவில் டைபஸ் பரவியபோது அரசு அவரை அனுப்பியது. மருந்தைவிட மக்களுக்குப் படிப்பும் நல்ல சாப்பாடும் உரிமையும்தான் தேவை என்று அறிக்கை கொடுத்தார். அந்த வருடப் புரட்சியிலும் சேர்ந்தார். அதனால் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் போக வேண்டியதாயிற்று. 1856-ல் திரும்பி வந்தார். 1858-ல் செல் நோயியல் புத்தகம் வெளிவந்தது. செல்லில் இருந்துதான் செல் வரும் என்பதை ராபர்ட் ரீமாக் முன்பே சொல்லியிருந்தார். அவருக்கு உரிய பங்கை விர்ச்சோ கொடுக்கவில்லை, இது நியாயமாகத் தெரியவில்லை. கிருமிகளால் நோய் வரும் என்பதையும் ரொம்ப நாள் சந்தேகத்தோடேயே பார்த்தார். ஆனாலும் பெர்லினுக்குப் பாதாளச் சாக்கடை வர முன்னின்றவர்களில் அவரும் ஒருவர்.

1902 ஜனவரியில், எண்பது வயதில், ஓடும் டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு உடம்பு பழையபடி தேறவே இல்லை. செப்டம்பர் 5-ஆம் தேதி இதயம் செயலிழந்து காலமானார்.