தாய் காட்டிய வால்நட்சத்திரம்: கோள்களின் பாதையைக் கண்ட கெப்ளர்

2020ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி. கோவிட் காலம். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் மேற்கு வானத்தில் வியாழனும் சனியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் நின்றன. வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். மழை மேகம் மறைத்துவிட ஏமாந்தவர்களும் உண்டு. அவ்விரு கோள்களும் ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்கின்றன. ஆனால், அவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்தது அதற்கு முன் 1623ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான். அப்போது அவை சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் காண்பதே கடினம். அந்த ஆண்டில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதை உலகிலேயே முதன்முதலாகச் சரியாகக் கண்டவர் அவர்தான். பெயர் ஜோகன்னஸ் கெப்ளர்.

குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. சனிப்பெயர்ச்சிக்கு இரண்டரை ஆண்டு காத்திருக்க வேண்டும். கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்க்கும் எல்லாருக்கும் இது தெரியும். சனிக்கு மந்தன் என்றே ஒரு பெயர் உண்டு. ஒரு கோள் விரைவாகவும் இன்னொன்று மந்தமாகவும் நகர்வது ஏன், அந்த வேகத்துக்குக் கணக்கு ஏதும் உண்டா என்று கேட்டு விடை கண்டவர் கெப்ளர். அந்த விடைக்காக அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, தெற்கு ஜெர்மனியில் வைல் டெர் ஷ்டாட் என்ற சிற்றூரில் குறைமாதக் குழந்தையாக அவர் பிறந்தார். தாத்தா ஊர்த் தலைவராக இருந்தவர். ஆனால் குடும்பம் நொடித்துப்போயிருந்தது. தந்தை கூலிக்குப் போர் செய்யும் சிப்பாய். வருவார், போவார், ஒருமுறை போனவர் திரும்பவே இல்லை. தாயார் கத்தரீனா சத்திரக்காரர் ஒருவரின் மகள். மூலிகை மருந்து தெரிந்தவர். சிறுவயதிலேயே பெரியம்மை கண்டு கெப்ளரின் கண்பார்வை மங்கியது, கைகளும் சரியாக இயங்கவில்லை. வானத்தை அளக்கப் பிறந்தவருக்கு ஒரு நிலவு பலவாகத் தெரியும் கண்கள்!

1577ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பா முழுவதும் தெரியும்படி ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது. ஆறு வயதை எட்டவிருந்த மகனை ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்கு அழைத்துப்போய் அதைக் காட்டினார் தாயார். வால்நட்சத்திரம் என்றாலே கேடு என்று மக்கள் கதவைச் சாத்திய காலம் அது. அந்தக் காட்சியைக் கெப்ளர் கடைசிவரை மறக்கவில்லை. அதே வால்நட்சத்திரத்தை அதே நாள்களில் டென்மார்க்கின் ஒரு தீவில் டைக்கோ பிராகி என்ற பிரபு அளந்துகொண்டிருந்தார். அவரை இவர் சந்திக்க இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன.

படிப்பு அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. இடையில் பள்ளியை நிறுத்திவிட்டு வயலில் வேலை செய்ய வேண்டியிருந்தது. கெட்டிக்காரப் பையன்களுக்கு அந்நாட்டு அரசு கொடுத்த உபகாரச் சம்பளத்தால் டூபிங்கன் பல்கலைக்கழகம்வரை போனார். மைக்கேல் மெஸ்ட்லின் என்ற ஆசிரியரிடம், பூமியும் மற்றக் கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன என்ற கோப்பர்னிக்கஸின் கருத்தைக் கற்றார். பாதிரியாராக வேண்டும் என்பதுதான் அவரது ஆசை. ஆனால், 1594இல் கிராஸ் நகரப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் தேவைப்பட, அங்கே அனுப்பிவிட்டார்கள்.

அந்த வேலையோடு இன்னொரு கடமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் எழுத வேண்டும். வானிலை, போர், விளைச்சல் பற்றிப் பலன் சொல்ல வேண்டும். 1595ஆம் ஆண்டுக்குக் கடுங்குளிரும் துருக்கியர் படையெடுப்பும் வரும் என்று எழுதினார். இரண்டும் நடந்தன. இளைஞரின் பெயர் ஊரெங்கும் பரவியது. இதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. கெப்ளர் வாழ்நாள் முழுவதும் ஜாதகம் எழுதியவர்; அதில் வந்த பணம் பலமுறை அவரது அடுப்பை எரித்தது. கோள்கள் தமக்குள் அமைக்கும் கோணங்களுக்கு ஏதோ ஒரு பாதிப்பு உண்டு என்று அவர் நம்பினார். ராசிக் கட்டங்களை மட்டும் மனிதன் போட்ட கோடு என்று தள்ளிவிட்டார். அந்தக் காலத்துக்கு இது பாதி வழி வந்த மனம்.

1595 ஜூலையில் ஒருநாள் வகுப்பில் வியாழன், சனி சேர்க்கைகளைப் பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சேர்க்கையும் முந்தியது நடந்த இடத்திலிருந்து வானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி நடக்கும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் முக்கோணங்கள் வரும். அந்த முக்கோணங்களைப் பார்த்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது: கோள்களின் தூரங்களுக்கு வடிவ கணிதத்தில் ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைவைத்து 1596இல் ஒரு நூல் எழுதினார். அதில் சொன்ன விடை தவறு. கேட்ட கேள்வி சரி. அந்த நூல்தான் டைக்கோ பிராகியின் கவனத்தை இவர்பால் திருப்பியது.

டைக்கோவிடம் இருந்தது வேறெவரிடமும் இல்லாத செல்வம். தொலைநோக்கி இல்லாத அக்காலத்தில், வெறும் கண்ணாலும் பெரிய உலோகக் கருவிகளாலும் பல்லாண்டுகள் இரவிரவாக அளந்த குறிப்புகள். கிராஸில் புரோட்டஸ்டண்டுகளை மதம் மாறு அல்லது ஊரைவிட்டுப் போ என்று விரட்டிய நேரத்தில், 1600ஆம் ஆண்டில் கெப்ளர் பிராக் நகருக்கு அருகே டைக்கோவிடம் போய்ச் சேர்ந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. குறிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் டைக்கோ கண்ணில் காட்டினார். மறு ஆண்டு அக்டோபரில் டைக்கோ திடீரெனக் காலமானார். பேரரசர் ருடால்ஃப் அவருடைய இடத்தில் கெப்ளரை நியமித்தார்.

கெப்ளருக்குக் கிடைத்த வேலை செவ்வாய். கோள்களிலேயே அடங்காதது அது. வழக்கமாக நட்சத்திரங்களுக்கிடையே கிழக்கு நோக்கி நகரும். சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை நின்று, பின்னோக்கிப் போய், மீண்டும் முன்னோக்கி வரும். நம் பஞ்சாங்கத்தில் வக்கிரம் என்பது இதைத்தான். நெடுஞ்சாலையில் நம் கார் ஒரு லாரியை முந்தும்போது, தூரத்து மலையோடு ஒப்பிட்டால் அந்த லாரி பின்னால் நகர்வதுபோல் தெரியும் அல்லவா? உள்வட்டத்தில் விரைந்தோடும் பூமி செவ்வாயை முந்தும்போது நடப்பதும் அதுவே. கோப்பர்னிக்கஸ் இதை ஏற்கனவே விளக்கியிருந்தார். ஆனால், செவ்வாய் எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்று யார் கணக்கிட்டாலும் தவறியது. எட்டே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று கெப்ளர் பந்தயம் கட்டினார். முடிய ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பலமுறை கணக்குப் போட்டு, கடைசியில் ஒரு வட்டப்பாதையை அமைத்தார். டைக்கோவின் குறிப்புகளோடு ஏறக்குறைய எல்லாம் பொருந்தியது. சில இடங்களில் மட்டும் 8 கலை பிசகியது. ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை. முழு நிலவின் அகலமே சுமார் 30 கலைதான். அதில் கால்வாசி பிசகு. வேறு எவராக இருந்தாலும் அளவையில் ஏற்பட்ட தவறு என்று விட்டிருப்பார். டைக்கோவின் கை அவ்வளவு தவறாது என்று கெப்ளருக்குத் தெரியும். பல ஆண்டு உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் ஆகப் பெரிய நாள் அதுதான்.

இரண்டாயிரம் ஆண்டுகளாக, வானத்தில் எல்லாம் வட்டமாகத்தான் ஓட வேண்டும் என்று அறிஞர்கள் நம்பிவந்தார்கள். கோப்பர்னிக்கஸும் அதை விடவில்லை. செவ்வாயின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்று கெப்ளர் கண்டார். சூரியன் அதன் நடுவில் இல்லை, சற்று ஒதுங்கி நிற்கிறது. சூரியனை நெருங்கும்போது கோள் விரைகிறது, விலகும்போது தளர்கிறது. 1609இல் இது நூலாக வந்தது.

இதற்கிடையே வானமும் ஒரு வேடிக்கை காட்டியது. 1603 டிசம்பரில் வியாழனும் சனியும் தனுசுப் பகுதியில் சேர்ந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் செவ்வாயும் அங்கே வந்தது. மூன்றையும் பார்க்க எல்லாரும் அண்ணாந்திருந்தபோது, அவற்றின் அருகிலேயே அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தோன்றியது! பிராக்கில் மேகம் கலைந்த பின் அக்டோபர் 17ஆம் தேதிதான் கெப்ளரால் அதைக் காண முடிந்தது. கோள்களின் சேர்க்கைதான் அதைப் பெற்றது என்று பலர் சொன்னார்கள். அவர் ஓராண்டுக்கு மேல் அதைக் கவனித்து, அது கோள்களுக்கெல்லாம் அப்பால், நட்சத்திரங்களின் உலகில் இருக்கிறது என்று எழுதினார். ஒரு நட்சத்திரத்தின் வெடிப்பு அது என்பது இன்று நமக்குத் தெரியும். கெப்ளர் பெயராலேயே அது வழங்குகிறது.

1611இல் ஆறு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். அதே ஆண்டில் மனைவி பார்பராவும் போய்விட்டார். அடுத்த ஆண்டு பேரரசர் ருடால்ஃப் இறந்தார். சம்பள பாக்கி நின்றபடியே நிற்க, பிழைப்புத் தேடி லின்ஸ் நகருக்குப் போனார் கெப்ளர். அங்கே மறுமணம் செய்துகொண்டார்.

1615இல் அவரது சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. தாயார் கத்தரீனா வாழ்ந்த லியோன்பெர்க் ஊரில், அவர் கொடுத்த பானத்தைக் குடித்ததால்தான் தனக்கு நோய் வந்தது என்று ஒரு பெண் சொல்லிவிட்டாராம். சூனியக்காரி என்ற பழி! அதற்குத் தண்டனை உயிரோடு எரிப்பது. கத்தரீனாவை வளர்த்த உறவுக்காரப் பெண் ஒருவர் முன்பு அப்படித்தான் எரிக்கப்பட்டார். தாயார் வாயடங்காதவர், சண்டைக்காரர். ஊரில் வேண்டாதவர்கள் நிறைய. பழி பரவப் பரவ, ஆளுக்கொரு குற்றம் கொண்டுவந்தார்கள்.

கெப்ளருக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. நிலவுக்குப் போவது பற்றி அவர் ஒரு கற்பனைக் கதை எழுதியிருந்தார். அதில் வருபவனின் தாய் மூலிகை விற்பவர், ஆவிகளோடு பேசத் தெரிந்தவர். அதன் கையெழுத்துப் படி சிலர் கைக்குப் போயிருந்தது. தாய்க்கு வந்த வினைக்குத் தன் கதையும் ஒரு காரணமோ என்று அவர் வருந்தினார்.

இந்த வழக்கு இழுத்துக்கொண்டிருந்த 1618 மே மாதத்தில்தான், குருவும் சனியும் ஏன் வெவ்வேறு வேகத்தில் போகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது. பூமியைவிட 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது. காலத்தை அதனாலேயே ஒருமுறை பெருக்குங்கள். தூரத்தை அதனாலேயே இருமுறை பெருக்குங்கள். இரண்டும் ஏறக்குறைய 141. சனிக்கு 29.46 ஆண்டு, 9.54 மடங்கு தூரம். இரண்டும் 868. எந்தக் கோளுக்கும் இந்தக் கணக்குத் தவறாது. 12 ராசியை வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டிலும் சனி ஏறக்குறைய 30 ஆண்டிலும் கடப்பதன் இரகசியம் இதுதான்.

1620 ஆகஸ்டில் ஒருநாள் இரவோடு இரவாகத் தாயாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். சங்கிலியில் கட்டினார்கள். காவலுக்கு வைத்த இரண்டு ஆட்களின் செலவையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். தம்பி ஒதுங்கிக்கொண்டார். கெப்ளர் லின்ஸில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊருக்கு வந்தார். பேரரசரின் கணித அறிஞர் சூனியக்காரியின் மகன் என்ற பேச்சு வந்தால் தன் கதி என்ன என்று அவர் பார்க்கவில்லை.

செவ்வாய்க்குப் போட்டதுபோலவே இங்கேயும் கணக்குப் போட்டார். ஒவ்வொரு சாட்சியத்தையும் தனித்தனியே பிரித்து எழுதினார். கத்தரீனா கடந்து போனதும் கை வலித்தது என்றாள் ஒரு சிறுமி. அவள் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள், பாரத்தால் வந்த வலி என்றார். கால் முடமானது என்றார் ஓர் ஆசிரியர். அவர் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்ததைச் சுட்டிக்காட்டினார். கடைசியில் தாயாரைச் சித்திரவதைக் கருவிகளின் முன் நிறுத்தி, ஒப்புக்கொள் என்று மிரட்டினார்கள். அந்தக் கிழவி மண்டியிட்டுப் பிரார்த்தித்தார், செய்யாததை ஒப்புக்கொள்ளவில்லை. 14 மாதச் சிறைக்குப் பின் 1621 அக்டோபரில் விடுதலை. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார்.

கெப்ளர் மீண்டும் கோள்களுக்குத் திரும்பினார். டைக்கோவின் குறிப்புகளையும் தன் விதிகளையும் கொண்டு, கோள்களின் இடத்தை எந்த நாளுக்கும் கணக்கிட உதவும் அட்டவணைகளை 1627இல் உல்ம் நகரில் அச்சிட்டார். அச்சுச் செலவில் பெரும்பங்கு சொந்தப் பணம். பேரரசு அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறக்குறைய 12,000 கில்டர். 1630ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், வரவேண்டிய பணத்தைக் கேட்டுக் குதிரையில் ரீகன்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே காய்ச்சல் கண்டு, நவம்பர் 15ஆம் தேதி காலமானார். வயது 58. பணம் வரவில்லை. அவரைப் புதைத்த இடமும் சில ஆண்டுகளிலேயே போரில் அழிந்துபோனது.

1631ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி புதன் சூரியனின் முகத்தைக் கடந்து போகும் என்று அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். அந்த நாளில் பாரிஸில் பியர் கசெண்டி என்பவர் இருட்டறைக்குள் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைத்துக் காத்திருந்தார். ஒரு சிறு கரும்புள்ளி ஊர்ந்து போனது.

2020 டிசம்பரில் நாம் பார்த்த வியாழனுக்கும் சனிக்கும் இடையில் இருந்த இடைவெளி சுமார் 6 கலை. கெப்ளர் விட மறுத்த பிசகைவிடக் குறைவு. அடுத்த சேர்க்கை 2040 அக்டோபர் இறுதியில் வருகிறது.