பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

துன் வீ.தி. சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். 1955-இல் ம.இ.கா. தலைவரானார், அமைச்சருமானார். இவை பள்ளியிலேயே நாம் மனனம் செய்தவை. தோட்டத் துண்டாடலின்போது அவர் செய்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். வேலை போன தொழிலாளிக்கு வீடும் போனது. லயம் தோட்டத்துக்குத்தானே சொந்தம்! 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவரே உறுப்பினர் சேர்த்தார். பால்மரம் வெட்டும் கூலியில் 10 வெள்ளி எடுத்து வைப்பது எளிதன்று. தெரிந்தேதான் கேட்டார், தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. 1979-இல் துன் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது.